ஆறாவது வாளி

ஏங்கண்ணு, தூங்கலையே நீ? உனக்கு இந்த வாட்ஸாப்பு எல்லாம் நல்லாத் தெரியுமா? ஒண்ணு கேக்கோணும். நமக்கு ஒருத்தர் பேசி அனுப்பறாங்கல்ல, மைக்குப் படம் போட்டு வருமே, அதைக் கேக்காமயே அழிச்சுப்போட்டா அனுப்புனவங்களுக்குத் தெரியுமா?

தெரியாதா. கேட்டா மட்டுந்தான் அந்த மைக்கு நீலமாகுமா. அதையேதான் எங்க வீட்டுக்காரரும் சொன்னாரு. அவரு சொல்றதை நம்பி எதையும் செய்ய முடியாது, அதான் உன்னைக் கேட்டேன்.

நீ எங்க எறங்கறே? கிருஷ்ணகிரியா. அப்ப நான் உனக்கு முன்னாலயே எறங்கிருவேன். தருமபுரில எறங்கி பென்னாகரம் பஸ் மாறோணும். ஒரு கருமாதிக்குப் போறேன் கண்ணு. சொந்தமெல்லாம் இல்ல. கோயமுத்தூர்ல மருதமலை ரோட்டுப் பக்கம் எங்க அபார்ட்மெண்ட்டு. இருநூத்திப் பதினாறு வீடு. எங்க சாக்கடைத் தண்ணிய நாங்களே சுத்தம் பண்ணிச் செடிக்கு விடறோம், அதுக்குன்னு ஒரு பிளாண்ட்டு இருக்குது. அதுல ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி மூலமா ஆபரேட்டரா இருந்தவன். மாதேஸ்னு பேரு. முப்பத்தி நாலு வயசு. இன்னைக்குப் பதினாறாம் நாள்.

இது அவன் கடைசியா அனுப்புனது. பாரு, காலைல ஆறு அம்பதுன்னு இருக்குதா? நாப்பத்தொரு நொடி. நான் இன்னும் கேக்கல.

பயமா? எனக்கென்ன பயம். நான் இருபத்தெட்டு வருசம் காலேஜ்ல தாவரவியல் சொல்லிக் குடுத்தவ. போலீசு வந்து கேட்டப்பக்கூட நின்னு பதில் சொன்னேன். இன்ஸ்பெக்டர் கேட்டாரு, "மேடம், அந்த ஆளு தொட்டிக்குள்ள எறங்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாருங்களா?"ன்னு. இல்லீங்கன்னேன். அது பொய்யா சொல்லு? நான்தான் கேக்கவே இல்லையே. காதுல விழுகாததைச் சொன்னதா எப்படி எடுத்துக்கறது?

மொதல்ல இருந்து சொன்னாத்தான் உனக்குப் புரியும். எல்லாரும் நடுவுல இருந்து கேட்டுப்போட்டு என்னையப் பேசறாங்க.

சுத்தம் பண்ணின தண்ணி வந்து நிக்கறதுக்கு ஒரு தொட்டி. பத்தடி ஆழம், மேல தெறந்தாப்புல. அதுல பாசி புடிச்சுக்கிச்சு. சாக்கடைத் தண்ணிய எத்தனை சுத்தம் பண்ணினாலும் நம்ம சோப்பு, சாப்பாடு, அதுல இருக்கற சத்து கொஞ்சம் மிச்சம் நிக்கும். மேல வெயிலு. பாசிக்கு வேற என்ன வேணும், மாப்பிள்ளைக்குத் தலைத்தீவாளி மாதிரி. பங்குனி மாசம் பாத்தா தொட்டி பூராவும் பச்சைக் கூழு. குழாய் அடைக்குது, செடிக்குத் தண்ணி போகல.

எங்க பொருளாளர் மோகனசுந்தரம்னு ஒருத்தர், மில்லுல மேனேஜரா இருந்தவரு. அவரு, "மயில்துத்தத்தைக் கரைச்சு ஊத்துங்க, ரெண்டே நாள்ல சுத்தம்"னாரு. செத்தாலும் விடமாட்டேன்னு சொன்னேன் கண்ணு. அது வெசம். அந்தத் தண்ணி செடிக்குப் போகுது, மண்ணுக்குப் போகுது, மண்புழு சாகும், குருவி வந்து குடிக்கும். நான் சங்கத்துச் செயலாளரா இருக்கற வரைக்கும் ஒரு உசுருக்கும் கெடுதல் வராம, இயற்கையாத்தான் பண்ணோணும்னு மீட்டிங்ல எந்திரிச்சு நின்னு பேசினேன். பாதிப் பேரு கை தட்டுனாங்க. இன்னைக்கு அதே ஆளுக என்னையப் பாத்தா லிப்ட்டுல ஏற மாட்டேங்கறாங்க.

சும்மா வாயில சொல்றவ இல்ல நான். எதையும் செஞ்சு பாத்துத்தான் செய்வேன். எங்க வீட்டு மொட்டை மாடில அஞ்சு வாளி வெச்சேன். அந்தத் தொட்டித் தண்ணியவே ஊத்தி, வாளிக்கு வாளி நம்பர் ஒட்டி, ஒண்ணுல எதுவும் போடாம விட்டேன், ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு. ரெண்டாவதுல வெட்டிவேரு மெதக்க விட்டேன். மூணாவதுல ஒரு கைப்பிடி வைக்கோலை வலைத்துணில கட்டிப் போட்டேன். வெளிநாட்டுல பார்லி வைக்கோல் போடறாங்க, அது மக்க மக்க அதுல இருந்து வர்ற ஒண்ணு பாசியை வளர விடாது. நமக்கு நெல்லு வைக்கோல். நாலாவது, கறுப்புத் துணி போட்டு மூடிட்டேன். வெளிச்சம் இல்லாட்டி பாசி எப்படி வளரும்? அஞ்சாவதுல நாலு வெள்ளிக்கெண்டைக் குஞ்சு விட்டேன், அது பாசியைத் திங்கும்னு. மூணு குஞ்சு செத்துப் போச்சு. அன்னைக்கு நான் சோறு திங்கல கண்ணு. எங்க வீட்டுக்காரரு சிரிச்சாரு. என் மனசு அப்படி.

வாளிக்குத் தண்ணி தூக்கியாந்தது எல்லாம் மாதேஸ்தான். அஞ்சு மாடி. லிப்ட்டுல கொண்டு வந்தா நாத்தம் அடிக்குதுன்னு சொல்றாங்கன்னு படியிலயே தூக்கியாருவான். அவன் பத்தாவது வரைக்கும்தான் படிச்சான், ஆனா அறிவு. தெனமும் ஒவ்வொரு வாளில இருந்தும் ஒரு கண்ணாடி டம்ளர்ல மோந்து, வெள்ளைப் பேப்பர் மேல வெச்சு, நெறத்தைப் பாத்து நோட்டுல எழுதுவான். 'மூணு - நேத்தைக்கு இன்னைக்குப் பச்சை கம்மி' அப்படீன்னு. எங்கிட்டப் படிச்ச எம்.எஸ்ஸி. புள்ளைககூட அப்படி எழுதுனதில்ல. நான்தான் அவனை அப்படிப் பழக்குனேன்.

இருபது நாள்ல முடிவு தெரிஞ்சு போச்சு. வைக்கோல் வாளில தண்ணி தெளிஞ்சுது. மூடி வெச்ச வாளிலயும் தெளிஞ்சுது. ரெண்டும் பாஸு. அப்ப நான் என்ன பண்ணினேன்? ஒவ்வொண்ணே இத்தனை நல்லா இருக்குதே, ரெண்டையும் சேத்துப் போட்டா இன்னும் சீக்கிரம் ஆகும்ல? நீயா இருந்தா என்ன பண்ணுவே? அதையேதான் பண்ணுவே.

நேரம் வேற இல்ல. பசுமைக் குடியிருப்புன்னு ஒரு போட்டில பேரு குடுத்திருந்தேன். சித்திரை கடைசில வந்து பாக்கறோம்னுட்டாங்க. அதுக்குள்ள தொட்டி தெளியோணும்.

மாதேஸ் அப்ப ஒரு வார்த்தை கேட்டான், அதையும் சொல்லிப்போடறேன். நான் எதையும் மறைக்கறவ இல்ல. "அம்மா, ரெண்டும் சேத்துப் போடறதுன்னா, ஆறாவதா ஒரு வாளி வெச்சுப் பாத்துட்டுப் போட்டா என்னங்கம்மா?"ன்னான். நான் சிரிச்சுட்டேன். "மாதேஸு, எனக்கே கிளாஸ் எடுக்கறயா? இன்னொரு இருபது நாளைக்கு யாரு காத்துட்டிருக்கறது?"ன்னேன். அவனும் சிரிச்சான். அத்தோட விட்டாச்சு.

தொண்ணூறு கட்டு வைக்கோல். வலைச் சாக்குல கட்டி, உள்ள செங்கல்லு வெச்சு எறக்குனோம். மேல கெட்டித் தார்ப்பாய், சுவத்தோட சேத்து இழுத்துக் கட்டியாச்சு, ஒரு பொட்டு வெளிச்சம் உள்ள போகாது. வைக்கோல் எச்சாத்தான் போயிருச்சுன்னு இப்ப சொல்றாங்க. வாளிக்கு ஒரு கைப்பிடின்னா தொட்டிக்கு எத்தனைன்னு நான் கணக்குப் போட்டேன், அதுக்கு மேல கொஞ்சம் சேத்தேன். நல்லதுதானே, கொஞ்சம் கூடப் போட்டா என்னன்னு.

ஆனா வேலை செஞ்சுது கண்ணு! அதை மட்டும் யாரும் வாயத் தெறந்து சொல்ல மாட்டேங்கறாங்க. பதினெட்டாவது நாள் ஓரமா தார்ப்பாயை ஒதுக்கி ஒரு டம்ளர்ல மோந்து பாத்தா, பாசி துளிகூட இல்ல. பால் ஊத்தாத டீ மாதிரி தண்ணி. நான் அழுதுட்டேன். மாதேஸுகிட்ட "ஜெயிச்சுட்டோம்"னு சொன்னேன்.

நாத்தம் இருந்துச்சு. இல்லைன்னு சொல்லல. அழுகுன முட்டை நாத்தம். மொத பிளாக்குல இருக்கறவங்க எல்லாம் புகார். வைக்கோல் மக்கினா வாசம் வரும், அது வேலை செய்யுதுன்னு அர்த்தம்னு எழுதிப் போட்டேன் குரூப்புல. மக்கும்போது வாயு வரும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா வைக்கோல்தானே கண்ணு. மாடு திங்கற வைக்கோலு. அதுல என்ன ஆகப்போகுதுன்னு யாரு நெனைப்பா?

அவனும் நெனைக்கல. மலத் தொட்டில எறங்கச் சொன்னா மாதேஸ் ஒத்துக்கவே மாட்டான், கழிவு உறிஞ்சற வண்டியக் கூப்பிடுங்கம்பான். மோகனசுந்தரம் ஒருதரம் அதட்டியும் பாத்தாரு, நடக்கல. இது சுத்தம் பண்ணின தண்ணித் தொட்டி. இதுல அவன் வருசத்துக்கு ரெண்டு தடவை எறங்கித் தேச்சுக் கழுவறதுதான்.

ரெண்டு நாள் கழிச்சுப் போட்டிக்காரங்க வர்றாங்க. நாத்தத்தோட தொட்டியக் காட்ட முடியுமா? அதனால அன்னைக்குச் சாயங்காலமே அவனுக்கு எழுதி அனுப்புனேன். இதோ, மேல இருக்குது பாரு, நீயே படி. 'காலையில் தண்ணீரை இடுப்பளவு குறைத்துவிட்டு வைக்கோல் மூட்டைகளை எடுத்துவிடவும். தார்ப்பாயை முழுதும் கழற்ற வேண்டாம். ஒரு மூலையை மட்டும் தூக்கிக்கொண்டு இறங்கவும். வெயில் பட்டால் திரும்பவும் பாசி வரும்.' கீழ ஒரு வரி இருக்குமே... ஒம்போது மணிக்குள்ள முடிக்கலைன்னா உங்க கம்பெனில சொல்லி வேற ஆளைப் போட்டுக்கறேன்னு. அது சும்மா. வேலை வாங்கறவங்க எல்லாரும் சொல்றதுதான். அவனை நான் மாத்துவனா? எம் புள்ளை மாதிரி வெச்சிருந்தேன்.

காலைல ஆறு அம்பதுக்கு இது வந்திருக்குது. நான் அப்ப மேசைல உக்காந்து, வர்றவங்க முன்னால பேசறதுக்கு எழுதிட்டிருந்தேன். போனு சைலண்ட்டுல. ஏழு மணிக்கு ஒருதரம் எடுத்துப் பாத்தேன். மாதேஸ்னு இருந்துச்சு. ஆரம்பிச்சுட்டேன்னு சொல்லுவான், அப்பறம் கேட்டுக்கலாம்னு கமுத்தி வெச்சுட்டேன். நீ என்னமோ மாதிரி பாக்கறே. உனக்கு வர்றதை எல்லாம் வந்த உடனே எடுத்துக் கேக்கறயா?

வாச்மேன் துரைசாமி சொல்றான், ஏழு மணில இருந்து எட்டு மணி வரைக்கும் மாதேஸ் தொட்டிச் சுவத்து மேல உக்காந்து போனையே பாத்துட்டிருந்தான்னு. வேலை நேரத்துல! ஒரு மணி நேரம்! அப்பவே ஆரம்பிச்சிருந்தா பதட்டமில்லாம முடிச்சிருக்கலாம். போலீசுலயும் நான் அதைச் சொன்னேன். போனு பாத்துட்டு நேரத்தை வீணாக்கிப்போட்டு, அப்பறம் அவசர அவசரமா எறங்குனான், அதனாலதான் இப்படி ஆச்சுன்னு. எழுதிக்கிட்டாங்க.

எட்டு அடிச்சதும் எந்திரிச்சானாம். சட்டையக் கழட்டி மடிச்சு வெச்சு, அது மேல வாட்ச்சையும் போனையும் வெச்சானாம். மூலையத் தூக்கிட்டு ஏணில எறங்கி ரெண்டு மூட்டையத் தூக்கிக் கயித்துல கட்டினான். துரைசாமி மேல இழுத்தான். மூணாவதுக்குக் கயிறு விட்டா ஆளு சத்தம் இல்ல. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்திருக்கான். எனக்குத் தகவல் வந்து நான் மேல இருந்து எறங்கி வர்றதுக்குள்ள தீயணைப்பு வண்டி வந்து தார்ப்பாயைக் கிழிச்சுப்போட்டாங்க. இடுப்பளவு தண்ணி கண்ணு. இடுப்பளவு தண்ணில ஒரு ஆம்பளை.

தண்ணி தெளிவா இருந்துச்சு. அதுதான் எனக்குக் கண்ணுலயே நிக்குது. மேல நின்னு பாத்தா அவன் முதுகு நல்லாத் தெரிஞ்சுது.

போட்டிக்காரங்க வரல. நாலே நாள்ல சங்கத்தைக் கூட்டி என்னையத் தூக்கிட்டு மோகனசுந்தரத்தைச் செயலாளரா உக்கார வெச்சாங்க. அவரு பண்ணின மொத வேலை என்ன தெரியுமா? மயில்துத்தம்! மூட்டையோட கொண்டு வந்து கொட்டுனாரு. தொட்டியச் சுத்தி நான் நட்டு வளத்துன வெட்டிவேரைப் புடுங்கி எறிஞ்சாங்க. எத்தனை வருசத்து உழைப்பு. அந்த ஆளுகளுக்குச் சுத்தம்னா என்னன்னே தெரியாது. நான் அந்தப் பக்கம் போயிப் பாத்தப்ப மோட்டார் ரூம்ல ஒரு செகப்பு வாளி, வாயில கறுப்புத் தார்ப்பாய்த் துண்டு, சைக்கிள் டியூப்பால இறுக்கிக் கட்டி மூலைல கெடக்குது. கிட்டப் போக முடியல, அத்தனை நாத்தம். மேல என்னமோ எழுதி ஒட்டியிருந்துச்சு, கண்ணாடி எடுத்துட்டுப் போகல, படிக்கல. யாரோ குப்பையை அடைச்சு வெச்சிருக்காங்கன்னு கூட்டற பொண்ணைக் கூப்பிட்டு, கொண்டுபோயிக் கொட்டிக் கழுவச் சொன்னேன். அந்தப் பதவி போனாலும் பாத்துட்டுச் சும்மா வர முடியல பாரு என்னால.

இது தொப்பூர்க் கணவாயா? இன்னும் அரை மணி நேரத்துல தருமபுரியா.

ஒம்பதாம் நாள் அவன் சம்சாரம் போன் பண்ணுச்சு. சத்யான்னு பேரு. அழுவான்னு நெனைச்சேன். அழுகல. "அம்மா, அவரு போன் எங்கிட்டத்தான் இருக்குது. வாச்மேன் அண்ணன் சட்டையோட சேத்துக் குடுத்துட்டாரு. அவரு உங்களுக்குப் பேசி அனுப்புனதை நீங்க கேட்டீங்களா?"ன்னா. நான் என்னத்தைச் சொல்றது? "அது வந்தும்மா..."ன்னேன். "நீங்க கேக்கலைன்னு தெரியுதும்மா. மைக்கு இன்னும் நீலமாகல. நான் தெனமும் எடுத்துப் பாக்கறேன்"னா. அப்பறம் சொன்னா, "பதினாறாம் நாள் காரியத்துக்கு வாங்க. வர்றதுன்னா கேட்டுட்டு வாங்க." வெச்சுட்டா.

அவ்வளவுதான். திட்டல, சாபம் விடல. அந்தப் போனைப் போலீசுலயும் குடுக்கல. எதுக்குக் குடுக்கலைன்னுதான் எனக்குத் தெரியல. எங்க வீட்டுக்காரரு, "போகாதே, அதை அழிச்சுரு, கேக்கவே இல்லைன்னு கடைசி வரைக்கும் சொல்லலாம்"கறாரு. ஆனா போகாம இருந்தா நான் தப்புப் பண்ணினவன்னு ஆயிரும்ல?

அதுக்குத்தான் இந்த ஃபைலு. எல்லா ஆதாரமும் இருக்குது. எந்தெந்த ஊருல வைக்கோல் போட்டிருக்காங்க, வாளில என்ன முடிவு வந்துச்சு, மாதேஸ் கைப்பட எழுதுன நோட்டுக்கூட வெச்சிருக்கேன். அந்தப் பொண்ணுகிட்ட உக்காந்து நிதானமா எடுத்துச் சொல்லுவேன், முறைல தப்பு இல்லம்மா, எதுலயும் வெசம் இல்லைன்னு. அதுவும் பத்தாவது படிச்ச பொண்ணுதான், புரிஞ்சுக்கும்.

என்ன கண்ணு? சத்தமாச் சொல்லு, காத்துல கேக்கல.

...கேக்காம அந்த வீட்டு வாசப்படிய எப்படி மிதிப்பீங்கன்னா கேக்கறே?

அதுல ஒண்ணும் இருக்காது கண்ணு. வேலைய ஆரம்பிச்சுட்டேன்னு இருக்கும். இல்லாட்டி, மூட்டை தூக்க ஒரு ஆள் வேணும்பான். நாப்பத்தொரு நொடில என்ன பெருசாச் சொல்லிற முடியும்? சரி. நீயே அழுத்து. என் கை சரியா விழுகாது. காதுல வெக்காதே, எனக்குக் கொஞ்சம் மந்தம். சத்தமாவே வை. யாரு கேட்டா என்ன.

"அம்மா, மாதேஸ் பேசறேம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வேணான்னு சொல்லியும் நான் அந்த ஆறாவது வாளிய வெச்சிருந்தேன், மோட்டார் ரூம்ல. வைக்கலும் போட்டு, மேல தார்ப்பாயும் கட்டி. இப்பத்தான் தெறந்து பாத்தேன். மூஞ்சில அடிச்சிதும்மா. தல சுத்தி உக்காந்துட்டேன். ஒரு வாளிக்கே இப்பிடி இருக்குது. தார்ப்பாய முழுசா எடுத்துட்டு, இன்னைக்குப் பூரா காத்தாட உட்டுட்டு, நாளைக்கு விடியக்காலைல எறங்கி எடுத்துடட்டுமா? நீங்க சரின்னு ஒரு வார்த்தை போட்டாப் போதும். எட்டு மணி வரைக்கும் பாக்கறேம்மா."

...

எட்டு மணி வரைக்கும்னா சொன்னான்?

அந்தச் சுவத்து மேல உக்காந்து... என்னையவா பாத்துட்டிருந்தான்? நான் போலீசுல எழுதிக் குடுத்துட்டேனே கண்ணு. வேலை செய்யாம போனு பாத்தான்னு, எங் கையெழுத்தோட.

அந்த வாளில நம்பர்தான் ஒட்டியிருப்பான். நான்தானே அவனுக்கு ஒட்டப் பழக்குனேன். கொட்டச் சொல்லிட்டேன். என் முன்னாலயே நின்னு ரெண்டு தடவை கழுவச் சொன்னேன்.

நீலமாயிருச்சா? காட்டு. ஆமா. அப்ப அந்தப் பொண்ணுக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும். கையிலயே வெச்சுட்டு உக்காந்திருக்கும்.

சரின்னு ஒரு வார்த்தைன்னான். ஒரு வார்த்தைதானே. இப்ப அதுக்குக் கீழ நான் சரின்னு போட்டா... டைப் பண்ணித் தர்றயா கண்ணு? ஏன் வேண்டாங்கறே? ...ஆமா. ஆமா, அவ கையிலல்ல இருக்குது அந்தப் போனு.

தருமபுரி வந்துருச்சுங்கறாரு கண்டக்டர். எறங்கோணும். அந்த ஃபைலா? வேண்டாம், அது அங்கயே கெடக்கட்டும். இரு, அதுல அவன் நோட்டு இருக்குது, அதை மட்டும் எடுத்துக் குடு. அவன் எழுதுனது, அவன் வீட்டுலயே இருக்கட்டும்.

கொஞ்சம் கையக் குடு கண்ணு.